மங்கிப்போன கார் பெயிண்ட்: ரப்பிங் எப்போது பலிக்கும், எப்போது கெடுக்கும்

பத்து, பன்னிரண்டு வருஷம் வெட்டவெளியில் நின்ற ஒரு காரைச் சுற்றி வந்து பாருங்கள். கதவுகளில் இன்னும் ஓரளவு பளபளப்பு இருக்கும். பானட்டும் டாப்பும் டிக்கி மூடியும் மட்டும் வெளுத்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். எல்லாம் ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்தான். படுத்த வாக்கில் இருக்கும் பாகம் வெயிலை நேராக வாங்குகிறது, நின்ற வாக்கில் இருப்பது சாய்வாக வாங்குகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் பதில் தயாராக இருக்கும்: "ஒரு ரப்பிங் போட்டா புதுசாயிடும் சார்." ரப்பிங் என்றால் உராய்வுத்தூள் கலந்த கம்பவுண்ட் என்ற பசையைப் போட்டு, பெயிண்டின் மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பது. சில வண்டிகளுக்கு இந்தப் பதில் நூற்றுக்கு நூறு சரி. சிலவற்றுக்கு மூன்று மாசம் வரை சரி. இன்னும் சில வண்டிகளில், சில வருஷம் தாங்கியிருக்கக்கூடிய பெயிண்டை ஒரே மதியத்தில் தீர்த்துக்கட்டிவிடும். காரணம், ரப்பிங் என்பது பழைய வகைப் பெயிண்டுக்காகப் பிறந்த வைத்தியம். இன்று ரோட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் மேலே இருப்பது வேறு சரக்கு. வைத்தியம் மட்டும் அப்படியே தொடர்கிறது.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த மங்கலை ஆக்சிடேஷன் என்கிறார்கள். துரு வேறு, இது வேறு. துரு தகட்டில் பிடிப்பது. ஆக்சிடேஷன் பெயிண்டுக்குள்ளேயே நடப்பது. அடியில் தகடு முழுசாகவே இருக்கும். பெயிண்டில் நிறம் தருவது நிறமித் தூள். அந்தத் தூளைப் பிடித்துவைத்து, கெட்டியான படலமாக நிற்க வைப்பது ரெசின். ரெசின் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிருக்கு அந்தச் சங்கிலியின் கண்ணிகளை அறுக்கும் அளவுக்கு ஆற்றல் உண்டு. அறுந்த முனை சும்மா இருப்பதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது, பக்கத்துச் சங்கிலியைத் தாக்குகிறது, அங்கே இன்னொரு முனை அறுகிறது. தொடர் வினையாகப் போய்க்கொண்டே இருக்கும். சூடு இதை வேகப்படுத்தும். மழையும் பனியும் அறுந்துபோன துணுக்குகளைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

நம் ஊர் வெயில் இந்த வேலைக்கு ரொம்பத் தோது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. சூரியன் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும், ஏறக்குறைய நேர் உச்சிக்கு வருகிறது. கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11, 12 என்று போகும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11க்கு மேல் வேறு படியே கிடையாது, அதுதான் உச்சம். அடர்நிறக் கார் என்றால் டாப்பின் சூடு 70 டிகிரியை நெருங்கும். அமெரிக்காவில் பெயிண்ட் நிறுவனங்கள் புதுப் பெயிண்டைச் சோதிக்க, பூசிய தகடுகளைத் தெற்கு ஃப்ளோரிடாவில் வருஷக்கணக்கில் வெயிலில் வைப்பார்கள். அங்கே வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்தே இருப்பதால் அந்த இடம். கார் பெயிண்டுக்கான தகடுகளை ஏறத்தாழ படுத்த நிலையில், ஐந்து டிகிரி சாய்வில்தான் வைப்பார்கள். டாப்பும் பானட்டும் படும் பாட்டை அப்படியே எடுத்துப் பார்ப்பதற்காக. நம் கடலோர ஊர்களில் இந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் இலவசமாகவே நடக்கிறது.

சரி, சங்கிலி அறுந்தால் ஏன் மங்க வேண்டும்? நல்ல பெயிண்டின் மேற்பரப்பு வழவழப்பானது. விழும் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது, அதைத்தான் பளபளப்பு என்கிறோம். ரெசின் அரித்துப்போன பரப்பில் நுண்ணிய குழிகளும் மேடுகளும் உண்டாகின்றன. விழும் ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. சிதறிய ஒளி கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும். அந்த வெண்மை அடியில் இருக்கும் நிறத்தின் மேல் ஒரு திரை போல விழுகிறது.

இதைச் சரிபார்க்கச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. மங்கிய டாப்பில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். நிறம் அந்த இடத்தில் மட்டும் ஆழமாக, புதுசு போலத் திரும்பி வந்தால், அடியில் நல்ல பெயிண்ட் மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்புகிறது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, ரெசினுக்கு ஏறக்குறைய 1.5. ரெசினுக்கும் காற்றுக்கும் இருந்த இடைவெளி குறைவதால் சிதறலும் குறைகிறது. தண்ணீர் காய்ந்ததும் பழையபடி வெளுத்துவிடும். எண்ணெய் ஒளிவிலகலில் தண்ணீரைவிட ரெசினுக்கு இன்னும் நெருக்கம், சீக்கிரம் காயவும் காயாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பழைய வண்டி அன்றைக்கு மட்டும் ஜொலிப்பதன் ரகசியம் இதுதான். அதில் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆக்சிடேஷன்கூடப் போகவில்லை. போதாததற்கு, இருக்கும் மெழுகையும் மண்ணெண்ணெய் கரைத்துக்கொண்டு போய்விடும்.

பழைய பெயிண்டுக்கு வருவோம். கார்கள் வந்த புதிதில் அவற்றுக்கு வண்டிச்சாரட்டுக்குப் பூசும் வார்னிஷையே பூசினார்கள். ஒரு கார் காய்ந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். 1923இல் டியூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ வந்தது. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், வேகமாகக் காயும், பல நிறங்களில் கிடைக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள் முதலில் அதைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் வந்தன. ஆனால் ஸ்பிரே அடித்துக் காய்ந்தபின் லேக்கர் மங்கலாகத்தான் நிற்கும். தேய்த்துப் பாலிஷ் போட்டால்தான் பளபளக்கும். தேய்ப்பது அந்தப் பெயிண்டின் பராமரிப்பு மட்டுமல்ல, அதை அடிக்கும் முறையிலேயே ஒரு கட்டம். நம் ஊர்ப் பட்டறைகளில் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் 'டூக்கோ பெயிண்டிங்' செய்து, வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் போட்டு வெளியே விட்ட பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தக் காலத்துப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே படலத்துக்குள் இருந்தன. மேலே கெட்டுப்போன பகுதியைத் தேய்த்து எடுத்தால் கீழே அதே நிறம், அதே சரக்கு, புதிதாக இருக்கும். மறுபடி மங்கினால் மறுபடி தேய்க்கலாம். பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த வண்டி என்றால் கோட் மேல் கோட்டாகத் தடிமனும் தாராளமாக இருக்கும். ஆகவே "ரப்பிங் போட்டா புதுசாயிடும்" என்பது அன்றைக்கு உண்மையான வாக்கு.

வெள்ளை அம்பாசடரில் சாய்ந்து நின்றவர்களின் சட்டையில் சுண்ணாம்புப்பொடி மாதிரி ஒட்டும். அதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. வெள்ளை நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. புற ஊதாக் கதிர் படும்போது அது தன்னைச் சுற்றியுள்ள ரெசினைத் தானே சிதைக்கும் குணம் கொண்டது. அதாவது நிறமியே தன்னைப் பிடித்துவைத்திருக்கும் பசையைத் தின்றுவிடுகிறது. பிடிப்பு போன தூள் மேலே பொடியாகத் தங்கிவிடும். இப்போது வரும் வெள்ளை நிறமியில் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா போன்றவற்றால் மெல்லிய உறை போட்டு அந்தக் குணத்தை அடக்கி வைக்கிறார்கள். வெள்ளையில் பொடி பூத்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையாகவே தெரியும் என்பது அந்த நிறத்துக்குக் கிடைத்த சலுகை.

சிவப்புக்கு அந்தச் சலுகை இல்லை. சிவப்பு மாருதி 800 நினைவிருக்கும். 1983 முதல் 2014 வரை வந்த வண்டி. வெயிலில் நின்ற சிவப்பு வண்டிகளில் டாப் ஆரஞ்சாகவும், அப்புறம் வெளிறிய ரோஜா நிறமாகவும் போயிருக்கும். கதவு ஒரு சிவப்பு, பானட் ஒரு சிவப்பு. இதில் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது. ஒன்று, மேலே சொன்ன சிதறல்: சிவப்பின் மேல் வெண்திரை விழுந்தால் கிடைப்பது ரோஜா. இரண்டாவது, நிறமியே அழிவது. ஒரு பொருள் சிவப்பாகத் தெரிகிறது என்றால் அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கிக்கொள்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆற்றல் அதிகம் உள்ள பக்கம் அதுதான். பழைய மலிவு சிவப்பு நிறமிகள் கரிமச் சேர்மங்கள். அந்த அடியைத் தாங்காமல் மூலக்கூறே உடைந்து நிறம் இழக்கும். 1950களின் இறுதியில் வந்த குவினாக்ரிடோன் வகையும், 1980களில் வந்த, 'ஃபெராரி சிவப்பு' என்றே பெயர் வாங்கிவிட்ட டி.பி.பி. வகையும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. இன்றைய சிவப்புக் கார் பழைய சிவப்புக் காரைப் போல வெளுப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் நிறமி மாறியது ஒன்று, மேலே கண்ணாடி போல இன்னொரு படலம் வந்தது இன்னொன்று.

அந்தப் படலம்தான் கிளியர் கோட். 1980களில் பரவலாகி, இன்று மெட்டாலிக் நிறங்கள் எல்லாவற்றிலும் இருப்பது. நிறம் தரும் பேஸ் கோட் அடியில், நிறமே இல்லாத கெட்டியான ரெசின் மேலே. சில சாதாரண வெள்ளை, சிவப்பு நிறங்களில் மட்டும் இந்தியாவில் ஒற்றைப் படலமே ரொம்ப நாள் தொடர்ந்தது. ஆகவே வண்டியின் வயதை மட்டும் வைத்து எந்த வகை என்று முடிவு கட்ட முடியாது.

இங்கே அளவுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைப் பெயிண்டின் மொத்தத் தடிமன், துருத்தடுப்புப் படலம், அதன் மேல் நிறத்துக்கு அடித்தளமாக வரும் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான். அந்தத் தாளுக்குள்தான் நாலு படலமும் அடங்கியிருக்கின்றன. அதில் கிளியரின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். பாலிஷ் போடுகிறவன் விளையாடக்கூடிய இடம் அந்த 50 மைக்ரானில் மேலே ஒரு சிறு பங்கு. வண்டியின் முழு ஆயுளுக்கும் சேர்த்து சுமார் 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது டீடெயிலிங் தொழிலில், அதாவது காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் தொழிலில், பரவலாகச் சொல்லும் கணக்கு.

ஏன் முழுவதையும் எடுக்கக் கூடாது? கிளியரின் வேலை பளபளப்பு காட்டுவது மட்டுமல்ல. அதற்குள் புற ஊதாக் கதிரை விழுங்கிச் சூடாக மாற்றிவிடும் வேதிப்பொருளும், அறுந்த முனைகளைப் பிடித்துத் தொடர் வினையை நிறுத்தும் வேறொரு வகைப் பொருளும் கலந்திருக்கின்றன. அடியிலிருக்கும் நிறத்துக்கு அவைதான் குடை. படலம் மெலிந்தால் விழுங்கும் அளவும் குறையும், அடியில் போய்ச் சேரும் கதிர் கூடும். நன்றாக ரப்பிங் போட்டுக் கண்ணாடி போல வெளியே வந்த வண்டி இரண்டு மூன்று கோடைக்குள் திட்டுத்திட்டாக உரிய ஆரம்பிக்கிறதே, அதில் பெரும்பாலானவை இப்படி மெலிந்தவை. அன்றைக்குக் கிடைத்த பளபளப்பு வரும் வருஷங்களின் கணக்கிலிருந்து எடுத்த கடன்.

கிளியர் சாகும் விதமும் பழைய பெயிண்ட் போல இல்லை. முதலில் லேசாக மங்கும். இது மேலோட்டம், பாலிஷுக்கு மசியும். அப்புறம் உள்ளே நுண்ணிய விரிசல்கள். அதற்கப்புறம் பேஸ் கோட்டோடு இருந்த பிடிப்பு விட்டு, சருகு சருகாக உரியும். உரிந்த இடத்தில் வெளியே தெரியும் பேஸ் கோட்டுக்கு இயல்பிலேயே பளபளப்பு கிடையாது. அதை எத்தனை தேய்த்தாலும் மினுமினுக்காது; நிறம்தான் துணியோடு வரும், பின்னாலேயே பிரைமர் எட்டிப்பார்க்கும்.

உரிதலுக்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் பெயிண்ட் தகடு தகடாகக் கழன்றது பெரிய விவகாரமானது. சில ஆலைகளில் பிரைமர் படலத்தை விட்டுவிட்டு, துருத்தடுப்புப் படலத்தின் மேலேயே நிறத்தை அடித்திருந்தார்கள். மேலேயிருந்து ஊடுருவி வந்த புற ஊதாக் கதிர் அந்த அடிப்படலத்தின் மேற்பகுதியைச் சிதைத்து, மேலே இருந்தது எல்லாம் மொத்தமாகப் பிடிப்பு விட்டது. பார்க்கிறவர் கண்ணுக்கு மேலே கெட்ட மாதிரி தெரிந்தாலும் கெட்டது அடியில்.

ஆக, எதையும் தேய்க்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, மேலே இருப்பது எந்த வகை, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான். வகையைக் கண்டுபிடிப்பது எளிது. கண்ணில் படாத ஓரத்தில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வண்டியின் நிறம் துணியில் ஏறினால் ஒற்றைப் படலம். துணி வெள்ளையாகவோ அழுக்குச் சாம்பலாகவோ இருந்தால் கிளியர் உண்டு. வெள்ளை வண்டிக்கு மட்டும் கறுப்புத் துணி வேண்டும்; இதை மறந்துவிட்டு வெள்ளைத் துணியில் வெள்ளையைத் தேடுகிறவர்கள் உண்டு.

கட்டத்தைப் பார்க்க ஓரங்களைப் பாருங்கள். டாப்பில் ரப்பர் பீடிங் ஓடும் விளிம்பு, பானட்டின் முன் நுனி, வைப்பர் அருகே. அங்கே வெள்ளை எல்லைக்கோட்டோடு தீவு தீவாகத் திட்டுகள் இருந்து, நகத்தால் நெருடினால் ஓரம் தட்டுப்பட்டால், கிளியர் கழன்றுவிட்டது. தண்ணீர் ஊற்றினாலும் அந்த வெள்ளை எல்லைக்கோடு முழுதாக மறையாது. டீடெயிலிங் கடைகளில் தடிமன் மானி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்கி அளக்கச் சொல்லலாம். டாப்பில் ஒரு எண், நல்லபடியாக இருக்கும் கதவில் ஒரு எண். டாப்பின் எண் 80க்குப் பக்கத்தில் வந்தால் யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள். 200, 300 என்று காட்டினால் மறுபெயிண்ட். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டி, அதாவது வண்டி எங்கேயோ வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண மானி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது.

தேய்க்கலாம் என்று முடிவானால், உண்மையான வேலை தேய்ப்பதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. ஷாம்பு போட்டுக் கழுவியும் போகாத அழுக்கு பெயிண்டில் பதிந்திருக்கும்: பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள், தார், மரப்பிசின், போர் தண்ணீரின் உப்பு. பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பரப்பைத் தடவினால் மணல் போல நெருடும். அதை எடுக்க க்ளே பார் என்ற களிமண் கட்டி வருகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து மெல்ல ஓட்டினால் அழுக்கைப் பிடுங்கிக்கொள்ளும். கீழே விழுந்த க்ளே கட்டியை மறுபடி எடுத்து ஓட்டாதீர்கள். ஒட்டிய மண் பெயிண்டில் கோடு போடும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு பாலிஷ் மெஷினை வைத்தால், பதிந்திருந்த இரும்புத்தூள் அதன் தேய்க்கும் பேடில் ஏறிக்கொண்டு பானட் முழுக்கச் சுற்றி வரும்.

அப்புறம் மாஸ்கிங் டேப். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், எழுத்துகள், அதைவிட முக்கியமாக பாடியின் மடிப்புக் கோடுகள், விளிம்புகள். ஸ்பிரே அடிக்கும்போதே விளிம்பில் பெயிண்ட் மெலிதாகத்தான் நிற்கும், மெஷினின் அழுத்தமோ அங்கேதான் குவியும். ரப்பிங்கில் பெயிண்ட் 'எரிந்த' வண்டிகளைப் பாருங்கள், பத்தில் ஒன்பது விளிம்பில்தான் எரிந்திருக்கும்.

கம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள், கொஞ்சம் எண்ணெய், தண்ணீர். துகள் மேட்டைச் சீவிக் குழியின் ஆழத்துக்குக் கொண்டுவருகிறது. சீவும்போது தானும் கீறல் போடுகிறது. அடுத்து நுண்ணிய பாலிஷ் அந்தக் கீறலைச் சீவி அதைவிடச் சிறிய கீறல் போடுகிறது. கீறல் ஒளியின் அலைநீளத்தை விட, அதாவது அரை மைக்ரானை விடச் சிறிதாகிவிட்டால் கண் அதைக் கீறலாகப் பார்ப்பதில்லை, பளபளப்பாகப் பார்க்கிறது. எந்த நிலையிலும் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. எடுப்பது மட்டும்தான்.

அதனால் ஆரம்பிக்க வேண்டியது ஆகக் குறைந்த வீரியத்தில். டாப்பின் ஒரு ஓரத்தில், இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், மென்மையான ஃபோம் பேடும் நுண் பாலிஷும் போட்டுப் பாருங்கள். போதவில்லையா, பாலிஷை மட்டும் ஒரு படி மாற்றுங்கள். அப்புறம் பேடு. கடைசியாகத்தான் கம்பளி பேடும் கனமான கம்பவுண்டும். நிறையப் பட்டறைகளில் இது தலைகீழ்: எல்லா வண்டிக்கும் ஒரே கம்பளி, ஒரே டப்பா, வேகமாகச் சுற்றும் ஒரே மெஷின். ஒரே மையத்தில் சுற்றும் ரோட்டரி மெஷின் தேர்ந்த கையில் அருமையான கருவி. ஆனால் ஒரே இடத்தில் சில விநாடி கூடுதலாக நின்றால் கிளியர் சூடேறி இளகிவிடும். சுழற்சியோடு அசைவும் சேர்ந்த டூயல் ஆக்ஷன் மெஷின் மெதுவாகத்தான் வெட்டும், சூடும் குறைவு. வீட்டில் முதன்முறை செய்கிறவர் அதைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். வெயிலில் சுட்ட பானட்டில் கம்பவுண்ட் போட்டால் அரை நிமிஷத்தில் காய்ந்து பொருக்காகும்.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது ஒரு விஷயம். கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வெயிலில் நிறுத்திப் பாருங்கள். அடர்நிற வண்டியில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் ஆடினால், கம்பளியோடு நிறுத்திவிட்டு நுண் பாலிஷ் போடவில்லை என்று அர்த்தம். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் மெழுகும் கோடுகளை நிரப்பி மறைத்துவிடும், நாலு கழுவலில் அவை மறுபடி எழும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு சாண் இடத்தைத் துடைத்துப் பார்த்தால் உண்மை அங்கேயே தெரிந்துவிடும். கேட்டால் செய்து காட்டும் கடைக்காரர் நல்ல கடைக்காரர்.

பற்பசை வைத்தியத்தைப் பற்றியும் கேட்பார்கள். பற்பசையிலும் மெல்லிய உராய்வுத்தூள் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் வேலை செய்யத்தான் செய்யும். மஞ்சளித்த ஹெட்லைட்டில் அது பிரபலம். ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் பூசிய பாதுகாப்புப் படலம் வெயிலில் கெட்டால்தான் மஞ்சளிக்கும். தேய்த்தால் மஞ்சளோடு மிச்சப் படலமும் போகும். மேலே புதிதாக எதுவும் பூசாவிட்டால் சில மாதத்தில் முன்னைவிட வேகமாக மஞ்சளிக்கும். பானட் அளவு இடத்துக்குப் பற்பசை வாங்கும் காசில் நல்ல பாலிஷே வாங்கிவிடலாம்.

ஒற்றைப் படலப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அது கம்பவுண்டை விடச் சாந்தமானது. பழைய பெயிண்ட் காய்ந்து வறண்டிருக்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த, உராய்வு ஏறக்குறைய இல்லாத கிளேஸ் ஒன்றைத் தாராளமாகப் போட்டு, டெர்ரி டவல் துணியால் நன்றாகத் தேய்த்து, ஒரு இரவு ஊறவிட்டு மறுநாள் துடைப்பது. மெகுயர்ஸ் நிறுவனத்தின் ஏழாம் நம்பர் கிளேஸ் இதற்கென்றே பழைய கார் பிரியர்களிடம் பேர்போனது. துணியில் சிவப்பு சிவப்பாக ஏறி வருவது செத்த பெயிண்ட். அதற்கு அடியில் நிறம் திரும்பி வருவதைப் பார்க்கலாம். இது ஒளிவிலகல் கணக்கில் மண்ணெண்ணெயின் உறவுக்காரன்தான், ஆனால் பொடியையும் எடுக்கிறது, எண்ணெய் சீக்கிரம் ஆவியாகவும் ஆகாது. உடனே மேலே மெழுகு போட்டு மூடிவிட வேண்டும். பெயிண்ட் மெலிந்துபோன ஒரிஜினல் வண்டிக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கிளியர் கோட் வண்டிக்கு இது பயன்படாது.

தேய்த்து முடித்த பரப்புக்குக் காவல் வேண்டும். மெழுகு நம் கோடையில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும், செயற்கை சீலண்ட் அதைவிட அதிகம், செராமிக் கோட்டிங் ஒழுங்காகப் போட்டால் வருஷக்கணக்கில். இவை தண்ணீரை உருட்டிவிடும், பறவை எச்சத்தின் அமிலம் பெயிண்டைத் தொடும் நேரத்தைத் தள்ளிப்போடும், கழுவுவதைச் சுலபமாக்கும். ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் இவற்றின் பங்கை விளம்பரங்கள் ஊதிப் பெருக்குகின்றன. செராமிக் படலமே ஓரிரு மைக்ரான்தான். 40 மைக்ரான் கிளியர் செய்யும் வேலையை அது செய்துவிடாது. மங்கிய பெயிண்டைச் சரிசெய்யாமல் மேலே செராமிக் போட்டால் மங்கலைப் பூட்டி வைத்த மாதிரிதான். இருபதாயிரம் செலவழித்துக் கோட்டிங் போட்டுவிட்டு வண்டியை நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவதைவிட, ஒரு தகரக் கூரைக்கு அடியில் வெறும் பெயிண்டோடு நிற்கும் வண்டி நீடிக்கும். கவர் போடுபவர்கள், தூசி படிந்த வண்டிமேல் கவரைப் போட்டுக் காற்றில் ஆடவிட்டால் அதுவும் ஒரு ரப்பிங்தான்.

கிளியர் உரிந்துவிட்ட வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் இல்லை. உரிந்த விளிம்பைத் தேய்த்துச் சமன்படுத்தி, மேலே மட்டும் ஸ்பிரே கேன் கிளியர் அடிக்கலாம் என்பார்கள். பழைய கிளியரின் ஓரம் சில மாதத்தில் அடியிலிருந்து மறுபடி தூக்கும். அந்த பேனலை முழுதாகத் தேய்த்து, பிரைமர், நிறம், கிளியர் என்று அடிப்பதுதான் வழி. நல்ல செய்தி என்னவென்றால், கெட்டது பெரும்பாலும் டாப்பும் பானட்டும்தான், முழு வண்டியும் அடிக்கத் தேவையில்லை. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ ஸ்டிக்கரிலோ உள்ள நிற எண்ணைப் பெயிண்டரிடம் கொடுங்கள். ஆனால் அந்த எண்ணுக்குக் கலக்கும் நிறம் புது வண்டியின் நிறம். உங்கள் கதவு பத்து வருஷ வெயில் பார்த்தது. கதவைப் பாலிஷ் போட்ட பிறகு, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிறத்தைக் கலக்கும் பெயிண்டரைத் தேடுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்: டேஷ்போர்டு பாலிஷ், ஸ்பிரே மெழுகு என்று சிலிகோன் கலந்த சரக்கு ஏதாவது அந்த பேனலில் போட்டிருந்தால், அதைக் கரைப்பான் போட்டு முழுக்க எடுக்காமல் அடிக்கும் பெயிண்ட், மீன்கண் போலக் குழி குழியாக விலகி நிற்கும்.